குல்மார்கில் பனி எப்படி இருக்கிறது?

வாசகர் கேள்வி–பதில்

அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அடுத்தடுத்து வருவதால், சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை பனிச்சறுக்கைப் பற்றியே கேட்கின்றன. அச்சேறி உங்கள் கைக்கு வருவதற்குள் மலையில் பனியின் நிலை மாறிவிடும். ஆகவே இன்றைய நிலவரத்தைச் சொல்வதைவிட, நிலவரத்தை எப்படிப் படிப்பது என்று சொல்வதே பயன்படும் என்று கருதி இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

டிசம்பர் 25 அன்று குடும்பத்துடன் குல்மார்க் செல்ல விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். இணையத்தில் ‘பனி 40 செ.மீ.’ என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டு வயது மகன் சறுக்கக் கற்றுக்கொள்ள அது போதுமா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

அந்த 40 சென்டிமீட்டர் எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். காஷ்மீரின் மலைத்தலமான குல்மார்க் முழுவதும் ஒரே உயரத்தில் அமைந்த இடம் அல்ல. விடுதிகளும் தொடக்கநிலைச் சரிவுகளும் உள்ள புல்வெளி ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்று அங்கே சொல்லப்படும் கேபிள் காரின் முதல் கட்டம் 3,080 மீட்டர் அளவில் உள்ள கோங்டூரியில் இறக்கிவிடுகிறது. 2005-இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை கொண்டுசெல்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பதால், கீழே மழை பெய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே பனி கொட்டுவது அங்கே வழக்கமான காட்சி. பல நேரங்களில் அஃபர்வத்தின் எண்ணையே எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். உங்கள் மகன் கற்கப்போவதோ கீழே உள்ள புல்வெளியில். அங்கே அடியில் பாறை அதிகம் இல்லாததால், ஒரு முழம் பனி நன்றாக அழுந்திக் கிடந்தாலே தொடக்கக்காரருக்குப் போதுமானது. அதே ஒரு முழம் அஃபர்வத்தின் பாறைச் சரிவில் எதற்கும் போதாது.

அடுத்துக் கேட்க வேண்டியது, அந்தப் பனி எப்போது விழுந்தது என்பது. பத்து மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் பனியாக விழுந்தால் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஆனால் அது தன் எடையாலேயே இரண்டொரு நாளில் கணிசமாகத் தாழ்ந்துவிடும். நேற்றிரவு விழுந்த 40 சென்டிமீட்டர் புதுப்பனியில் சறுக்குப் பலகை புதைந்துபோகும். பத்து நாளாக அழுந்திக் கிடக்கும் 40 சென்டிமீட்டர்தான் கற்பவனைத் தாங்கும். ஆனால் அந்தப் பத்து நாளும் பகலில் வெயில் அடித்து இரவில் உறைந்திருந்தால், காலையில் தளம் கண்ணாடித் தகடாக இருக்கும், பிற்பகலில் சேறாக இளகும். அத்தகைய நாட்களில் குழந்தைகளைக் காலை எட்டு மணிக்கே இறக்காமல், மேற்பரப்பு சற்றே இளகும் பத்து, பதினொரு மணிக்கு மேல் இறக்குவது நல்லது. ஆகவே ஆழத்தோடு சேர்த்து, கடைசியாகப் பனி விழுந்த நாள், அதற்குப் பிறகான பகல் வெப்பம், இரவு வெப்பம் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவை இல்லாமல் ஆழத்தை மட்டும் சொல்லும் அறிக்கையை நம்பிப் பயணத்தை முடிவு செய்ய வேண்டாம்.

டிசம்பர் கடைசி வாரத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ அப்படி, காஷ்மீரின் குளிர்காலப் பனிக்கு ஆதாரம் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள். அவை இத்தனை நாளுக்கு ஒன்று என்று கணக்கு வைத்து வருவதில்லை. காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர்காலமே டிசம்பர் 21 அன்றுதான் தொடங்குகிறது. 2024 ஜனவரியில் அந்தக் கடுங்குளிர்காலத்தின் பெரும்பகுதி வறண்டே கழிந்து, குல்மார்கின் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்ததை நாடே படங்களில் பார்த்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரிக்குத் திட்டமிட்டிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி, பனி போதாமையால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தது. சறுக்குவதே நோக்கமாக இருந்தால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலான காலம்தான் ஓரளவு நம்பத்தக்கது. நம் ஊர்ப் பள்ளி நாட்காட்டியில் கிறிஸ்துமஸைவிடப் பொங்கல் விடுமுறையே இதற்குப் பொருத்தம்.

டிக்கெட்டை இரத்து செய்யச் சொல்லவில்லை. பயிற்றுநருக்கும் வாடகைச் சாமான்களுக்கும் முழுத் தொகையை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். அங்கே போய்ப் பனியைக் கண்ணால் பார்த்தபின் அன்றன்றைக்குக் கொடுக்கலாம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தங்கும் விடுதிக்குப் பேசி, அன்று காலை எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். புல்வெளியில் ஒரு கைத்தடியைக் குத்தி நிறுத்தி எடுத்த படமாக இருந்தால் வேறு எந்த அறிக்கையும் தேவைப்படாது.

மார்கழியில் எங்கள் ஊரில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கிறது. செயற்கைப் பனி இயந்திரங்களை வைத்து இங்கேயே ஒரு சறுக்குதளம் அமைத்தால் சுற்றுலா வளராதா என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, ஏற்காடு

கேட்ட மாணவர்களைப் பாராட்டுங்கள். ஆனால் முடியாது என்பதே பதில். பனி செய்யும் இயந்திரம், நீரை மிக நுண்ணிய திவலைகளாக அழுத்தத்துடன் காற்றில் பீய்ச்சுகிறது. தரையைத் தொடுவதற்குள் அவை உறைந்துவிட வேண்டும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய இரண்டு டிகிரி இருக்க வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் திவலையிலிருந்து சிறிது நீர் ஆவியாகி மீதியைக் குளிர்விக்கும். உங்கள் மூடுபனியிலோ காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அந்த உதவியும் கிடைக்காது. மேலும், ஏற்காட்டில் கடுங்குளிர் இரவிலும் வெப்பமானி உறைநிலைக்கு வெகு மேலேயே நிற்கிறது.

மாணவர்களுக்கு வரைபடத்தில் ஒன்றைக் காட்டுங்கள். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்; குல்மார்க் புல்வெளியும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஒன்று வடக்கு அட்சரேகை 11 டிகிரியில் இருக்கிறது, மற்றொன்று 34 டிகிரியில். நம் அட்சரேகையில் காற்று உறைநிலையைத் தொடும் உயரம் ஐயாயிரம் மீட்டரை ஒட்டியிருப்பதால், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியின் 2,695 மீட்டரும் அதை எட்டுவதில்லை. ஊட்டியில் தெளிந்த வானமுள்ள இரவுகளில் புல்லின் மீது வெள்ளையாகப் படிவது, தரை குளிர்ந்து அங்கேயே உறைந்த ஈரம். வானிலிருந்து விழுந்த பனி அல்ல.

உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள ஔலியில் இயந்திரப் பனிக்காகவே மலைமேல் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தன. அத்தகைய குளிர்ந்த மலையிலேயே வெதுவெதுப்பான ஆண்டுகளில் இயந்திரங்கள் செயலற்று நிற்கின்றன. கோடையில் குடிநீருக்கே தவிக்கும் குடியிருப்புகளும், காபி பூக்க மார்ச், ஏப்ரல் மழையை எதிர்பார்த்து நிற்கும் தோட்டங்களும் உள்ள நம் மலையில், நீரை இப்படிச் செலவிடும் திட்டம் எதுவும் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுற்றுலாப் பயணியாக ஒரு மணி நேரம் சறுக்கிப் படம் எடுத்துக்கொள்ள விருப்பமில்லை; முறையாகக் கற்க வேண்டும். எங்கே சேரலாம், எப்படித் தயாராவது?
– ஒரு மாணவர், ஓமலூர்

முறையாகக் கற்க வேண்டும் என்று கேட்டதே மகிழ்ச்சி தருகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்கில் இயங்கும் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், ஔலியில் வகுப்பு நடத்தும் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் ஆகிய மூன்றின் அறிவிப்புகளையும் பாருங்கள். பயிற்சி, தங்குமிடம், சாமான்கள் எல்லாம் சேர்ந்த வகுப்புகள் இவற்றில் உண்டு. இடங்கள் குறைவு என்பதால் குளிர்காலம் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மணாலி நிறுவனத்தின் பயிற்சி பெரும்பாலும் சோலாங் பள்ளத்தாக்கில் நடக்கிறது. அங்கே பனி குறைவாக இருக்கும் ஆண்டுகளில் என்ன ஏற்பாடு என்பதை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலைப் பொறுத்தவரை தொடைகளைத் தயார் செய்ய வேண்டும். சறுக்கும்போது முழங்கால் மடங்கிய நிலையிலேயே இருப்பதால், இறக்கத்தில் உடலைத் தாங்கும் தசைகள்தான் முதலில் களைக்கின்றன. அதற்கு ஏற்காட்டை விட நல்ல பயிற்சிக்கூடம் வேண்டாம். பேருந்தில் மேலே போய், வாகனம் குறைந்த காபித் தோட்டத்துச் சாலைகளில் வேகமாக இறங்கி நடந்து பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் இதற்கு உதவும்.

முதல் நாள் பூட்ஸ் போடும் நேரத்தை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். ஒரே ஒரு கம்பளிக் காலுறை போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால் இன்னும் விரைவாகக் குளிர்ந்துவிடும். நேராக நின்றால் விரல் நுனி பூட்ஸின் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடித்தால் அந்தத் தொடுகை விட்டுப்போக வேண்டும். அதுவே சரியான அளவு. பலகைகள் இரண்டையும் சரிவுக்குக் குறுக்காக வைத்து, பள்ளத்தின் பக்கமுள்ள பலகையில் முதலில் ஏறுங்கள். அதற்கு முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கைத்தடியின் நுனியால் சுரண்டிவிட வேண்டும். சிறு கட்டி ஒட்டியிருந்தாலும், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பான் சரியாகக் கவ்வாது. பெருவிரல் பக்கத்தைச் செருகி, குதிகாலை ஊன்றி அழுத்தும்போது ‘டக்’ என்ற ஓசை கேட்டால்தான் கவ்வியது என்று பொருள். இந்தப் பிடிப்பான் விழும்போது காலை விடுவித்து எலும்பைக் காப்பாற்றும் கருவி. எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைப் பொறுத்து அதன் இறுக்கத்தைத் திருக வேண்டும். வாடகைக் கடையில் யாரும் கேட்காமல் கொடுத்தால், நீங்களே உங்கள் எடையைச் சொல்லி அமைத்துத் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்தோ, வீரம் காட்டித் திறமையைக் கூட்டியோ சொல்ல வேண்டாம்.

பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்புகளால் பனியை உரசி நிற்பதுதான் முதல் பாடம். பயம் வந்தால் உடல் தானாகப் பின்னே சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பிடிப்பை இழந்து வேகம் கூடும். ஆகவே முழங்கால் முன்னே, பார்வை தொலைவில் என்று இருங்கள். விழத்தான் போகிறீர்கள் என்றால் மலைப்பக்கமாக ஒருக்களித்து விழுங்கள், கைத்தடியை விட்டுவிடுங்கள். தடியைப் பிடித்தபடி கையூன்றினால் கட்டைவிரல் மூட்டின் தசைநார் கிழியக்கூடும். உலகெங்கும் ஒரு விதி பொது: உங்களுக்கு முன்னே, கீழே சறுக்குபவருக்கே வழியுரிமை, மோதாமல் பார்த்துக்கொள்வது மேலிருந்து வருபவரின் பொறுப்பு.

தென்னிந்தியர்களுக்கு இது வருமா என்று சிலர் கேட்கக்கூடும். காபி விளையும் குடகு மாவட்டத்தைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் நார்டிக் பனிச்சறுக்கில் கர்நாடகத்துக்குத் தங்கம் வென்றவர்.

எங்கள் கடையில் நல்ல பருத்தி பனியன்களும் ஜீன்ஸும் இருக்கின்றன. மேலே ஒரு ஜெர்கின் போட்டால் போதாதா?
– ஒரு ஜவுளி வணிகர், செவ்வாய்ப்பேட்டை

போதாது. பருத்தி நம் வெயிலுக்கு ஈடில்லாத துணி; பனியில் அதுவே ஆபத்து. வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓய்ந்து நிற்கும் நேரத்தில் உடல் வெப்பத்தை இழுத்துவிடும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்னும் மென்மயிர்ச் செயற்கைத் துணிச் சட்டை, வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை, கால்சட்டை என்று மூன்று அடுக்காக அணியுங்கள். ஜீன்ஸைத் தங்கும் அறையிலேயே விட்டுவிடலாம். வெளியுடை அங்கே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளாடையையும் கையுறையையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

அறுபத்திரண்டு வயதாகும் என் தாயாருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கேபிள் காரில் உச்சி வரை போய்ப் பனியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, ஆத்தூர்

முதலில் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இதயத்தையும் கால்களையும் பரிசோதித்து ஒப்புதல் பெறுங்கள். அவர் சரி என்றால், 1,585 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீநகரில் ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் குல்மார்க் ஏறுவது உடலுக்கு நல்லது. பனியைத் தொட உச்சி வரை போக வேண்டியதில்லை. முதல் கட்டமான கோங்டூரியிலேயே நல்ல பனி இருக்கும். அஃபர்வத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். சில நிமிடங்களில் ஏற்றிவிடும் வண்டி என்பதால் உடலுக்குப் பழக நேரமும் கிடைப்பதில்லை. அம்மாவை முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். தலைவலி, குமட்டல், நடை தள்ளாட்டம் எது தோன்றினாலும் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.

இன்சுலின் உறையக் கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது. ஆகவே பையின் வெளியறையில் வைக்காமல், சட்டைக்கு உள்ளே உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. அதையும் உள்ளே வையுங்கள். நரம்பு மரத்த பாதங்களுக்குக் குளிர் தாக்குவது தெரியாது என்பதால், மணிக்கொரு முறை பூட்ஸைக் கழற்றி நீங்களே விரல்களைப் பாருங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் எண்பது விழுக்காடு வரை திருப்பி வீசும். மேகமூட்டமாக இருந்தாலும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

குல்மார்கில் பனிச்சரிவில் வெளிநாட்டவர் இறந்த செய்தியை ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். அங்கே போவது பாதுகாப்பானதுதானா?
– ஒரு வாசகர், மேட்டூர்

2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இறந்தார்கள். இவை நடந்தது தொடக்கக்காரர் பழகும் புல்வெளியில் அல்ல, அஃபர்வத்தின் உயர் சரிவுகளில். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் பிறக்கிறது. பழைய பனியின் மீது உறுதியற்ற படலம் ஒன்று உருவாகி, அதன்மேல் கனமான புதுப்பனி விழும்போது மேலடுக்கு எதிலும் பிடிப்பில்லாமல் நிற்கும். ஒருவர் அதன்மேல் சறுக்கிய அதிர்வே அதை அவிழ்த்துவிடப் போதும். உயிரிழப்பு நேர்ந்த பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை சிக்கியவராலோ அவருடைய கூட்டத்தாராலோ தூண்டப்பட்டவை.

ஆகவே பெரும் பனிப்பொழிவுக்கு அடுத்த ஓரிரு நாட்கள், சறுக்குபவர் மிகவும் விரும்பும், மாவு போன்ற பவுடர் பனி கிடைக்கும் அந்த நாட்கள்தான், மிகுந்த ஆபத்தும் உள்ளவை. பலத்த காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவித்த பிறகும் அப்படியே. கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை அந்த நாட்களில் நிறுத்தி வைப்பார்கள். பணம் கட்டிவிட்டோமே என்று அங்கே ஊழியரிடம் சண்டையிடும் பயணிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நிறுத்தம் உங்கள் உயிருக்காகச் செய்யப்படுவது. பாதுகாப்புத் துறையின் கீழுள்ள சண்டிகர் ஆய்வு நிறுவனமும் பேரிடர் மேலாண்மைத் துறையும் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகின்றன. பாரமுல்லா மாவட்டத்துக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் காலையில் பாருங்கள்.

குறிக்கப்பட்ட தடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. ஒவ்வொருவர் உடலிலும் சமிக்ஞை அனுப்பும் கருவி, தேடும் நீள்கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்; அதற்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. மீட்புப் படை வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும் என்பதால், உடன் வந்தவர்தான் தோண்டியாக வேண்டும். புல்வெளியில் பயிற்றுநருடன் கற்கும் குடும்பங்கள் இவற்றுக்காக அஞ்ச வேண்டியதில்லை.

விமானத்தில் போக வசதியில்லை. ரயிலிலேயே போய்ச் சேர முடியுமா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

முடியும். கன்னியாகுமரியிலிருந்து சேலம் சந்திப்பு வழியாகக் கட்ராவுக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் செல்கிறது. அல்லது கேரளா எக்ஸ்பிரஸில் தில்லி போய் அங்கிருந்து மாறிக்கொள்ளலாம். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு, ஆற்றுப்படுகைக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் வழியாக, 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவின் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும் என்பதால், கட்ராவில் ஓரிரவு தங்குவது போல் திட்டமிடுங்கள். ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை சாலை எளிது. அங்கிருந்து குல்மார்குக்கு ஏறும் 13 கிலோமீட்டரில், பனி விழுந்த நாட்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளையும் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளையும் மட்டுமே விடுவார்கள். அந்த வண்டி வாடகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்ட் இணைப்புக்கு மாறிவிட்டுப் புறப்படுங்கள்.